அரிசோனா மானுக்குக் கிடைத்த நியாயம்

இந்தியக் காட்டுப் பாதைகளின் ஓரத்தில் இன்று கட்டப்படும் தானியங்கிக் கேமரா இவ்வளவு மலிந்து பெருகியதற்கு முதற்காரணம் அமெரிக்க மான் வேட்டைக்காரர்கள். அங்கே பல மாநிலங்களில் மான் வேட்டைப் பருவம் இலையுதிர்காலத்தில் தொடங்குகிறது. அதற்குச் சில வாரங்களுக்கு முன்பே வேட்டைக்காரர் மான் நடக்கும் தடத்திலோ, நீர்நிலையின் கரையிலோ, ஓக் மரத்தின் கொட்டைகள் உதிரும் இடத்திலோ ஒரு சிறு பெட்டியைக் கட்டிவிட்டு வீடு திரும்பிவிடுவார். சுற்றுப்புறத்தினும் வெப்பம் மிகுந்த உடல் ஒன்று முன்னே நகர்ந்ததும் பெட்டி படம் எடுத்துக்கொள்ளும். எந்தக் கலைமான், எத்தனை மணிக்கு, எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதெல்லாம் நினைவக அட்டையைக் கழற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும். பருவம் திறக்கும் நாளில் துப்பாக்கியோடு அவ்விடத்தில் காத்திருந்தால் போதும். வேவு பார்த்தல் என்றொரு பழஞ்சொல் தமிழில் உண்டு. இக்கருவியின் தொழில் அதுவே. வேட்டைக்காரர்களின் பெருந்தேவையால் விலை இறங்கி, இன்று இந்தியாவின் இணையக் கடைகளிலும் சில ஆயிரம் ரூபாய்க்கு அது விற்கிறது.

இக்கருவியைப் பற்றிய முதல் அறக்கேள்வியும் வேட்டைக்காரர்களிடமிருந்தே எழுந்தது என்பதை இந்தியக் கல்விப்புலம் கவனிக்க வேண்டும். தியடோர் ரூஸ்வெல்ட்டும் அவர் நண்பர்களும் 1887இல் நிறுவிய பூன் அண்டு கிராக்கெட் கழகம், துரத்தப்படும் விலங்குக்குத் தப்பும் வாய்ப்பு இருந்தாக வேண்டும் என்ற கொள்கையை நெடுங்காலமாக வலியுறுத்திவருகிறது. எடுத்த படத்தை அந்த நொடியே கைப்பேசிக்கு அனுப்பும் கேமராவின் துணையோடு வீழ்த்தப்பட்ட விலங்கை அக்கழகம் தன் பதிவேட்டில் ஏற்பதில்லை. அரிசோனா மாநிலத்தின் வனவிலங்கு ஆணையம் ஒரு படி மேலே சென்றது. வேட்டைக்கு உதவும் நோக்கில் தானியங்கிக் கேமராவைப் பயன்படுத்துவதையே 2021இல் தடைசெய்து, 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைப்படுத்தியது. வறண்ட நிலத்தில் நீர்நிலைகள் சிலவே. அவற்றைச் சுற்றிக் கேமராக்கள் குவிந்தால் தாகத்துக்கு வரும் விலங்குக்கு ஒளிய இடமில்லை என்பதும், அவற்றைப் பார்க்க ஆட்கள் ஓயாமல் வந்துபோவதால் விலங்குகள் கலைகின்றன என்பதும் அங்கே பேசப்பட்ட காரணங்கள். நெவாடாவும் யூட்டாவும் வேட்டைப் பருவ மாதங்களில் கட்டுப்பாடு விதித்துள்ளன. சுட்டுத் தின்பதற்கென்றே குறிக்கப்பட்ட ஒரு விலங்கைக்கூட அதன் நீர்த்துறையில் மறைந்திருந்து கண்காணிப்பது முறையா என்று ஒரு சமூகம் கேட்டது. முறையன்று என்று விதியும் எழுதியது.

இந்தியாவில் நிலைமை வேறு. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் 1991இல் அதற்கு வந்த திருத்தமும், சட்டமே ஒப்பும் சில விதிவிலக்குகள் தவிர, வேட்டையை முற்றாக மூடிவிட்டன. ஆகவே இங்கே வேட்டைப் பருவம் இல்லை. உரிமம் பெற்ற வேட்டைக்காரரும் இல்லை. கேமரா வனத்துறையின் கையிலும் அறிவியலாளரின் கையிலும் இருக்கிறது. அவ்விருவரும் நல்லோர் என்ற நம்பிக்கையினால், அரிசோனாவில் மானுக்காக எழுந்த கேள்வி இங்கே மனிதருக்காக எழவே இல்லை.

அறிவியலுக்கு இக்கருவி செய்த நன்மையைச் சிறிதும் குறைத்து மதிப்பிடலாகாது. ஐக்கிய மாகாணங்களின் வன அதிகாரி எஃப்.டபிள்யூ. சாம்பியன் 1920களில் காட்டுத் தடங்களின் குறுக்கே கம்பியிழுத்து, புலியே மிதித்துத் தன் படத்தை எடுத்துக்கொள்ளும்படி செய்தார். துப்பாக்கிக்கு மாற்றாகக் கேமராவை முன்வைத்தவர்களில் அவர் முன்னோடி. 1990களில் நாகரஹொளெக் காட்டில் உல்லாஸ் கரந்த், புலியின் வரி ஒவ்வொன்றும் மனிதரின் கைரேகைபோல் தனித்தன்மை உடையது என்பதை அடிப்படையாக வைத்து, கேமராப் படங்களையும் புள்ளியியலையும் இணைத்துப் புலிகளின் தொகையை மதிப்பிட்டார். அதுவரை வழக்கிலிருந்த காலடித் தடக் கணக்கு எவ்வளவு பொய்யானது என்பது சரிஸ்காவில் தெரிந்தது. ஏட்டில் புலிகள் இருந்தன, 2005இல் பார்த்தபோது காட்டில் ஒன்றுமில்லை. அந்த அவமானத்திலிருந்து இந்தியப் புலிக் கணக்கெடுப்பை மீட்டது கேமரா. இதில் விவாதத்துக்கு இடமில்லை.

விவாதம் தொடங்குவது வேறோர் எண்ணிலிருந்து. 2018ஆம் ஆண்டின் அகில இந்தியப் புலி மதிப்பீட்டில் 26,838 இடங்களில் கேமராக்கள் வைக்கப்பட்டன. கிடைத்த படங்கள் 3,48,58,623. அவற்றுள் புலிப் படங்கள் 76,651; சிறுத்தைப் படங்கள் 51,777. கின்னஸ் சாதனைப் பட்டியலில் இம்முயற்சி இடம்பெற்றது. பெருமிதத்தோடு அது கொண்டாடப்பட்டது. 2022இல் இடங்கள் 32,588 ஆகவும், படங்கள் 4,70,81,881 ஆகவும் உயர்ந்தன. புலிப் படங்கள் 97,399. இரு மதிப்பீடுகளிலும் ஆயிரம் படங்களுக்கு ஏறக்குறைய இரண்டில்தான் புலி இருக்கிறது. எஞ்சிய கோடிக்கணக்கான படங்களில் மானும் பன்றியும் காட்டெருதும் அசையும் புல்லும் இருக்கும். இந்தியக் காடு என்பதனால் மேய்ச்சல் மாடும், அதன் பின்னே செல்லும் சிறுவனும், தலையில் விறகுக் கட்டோடு வரும் பெண்ணும் இருப்பார்கள். பெட்டிக்குள் இருக்கும் அகச்சிவப்பு உணரி வெப்பத்தை அறியும், ஆளை அறியாது. புலிக்கு விரித்த வலை, தடத்தில் வரும் எல்லா உடலுக்கும் விரித்த வலையே.

இந்த வலையில் அகப்பட்டவர்களின் வாழ்வு எப்படி மாறுகிறது என்பதைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர் திரிஷாந்த் சிம்லாய் உத்தராகண்டின் கார்பெட் புலிகள் காப்பகத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் பதினான்கு மாதங்கள் தங்கி, 270 பேரிடம் பேசிப் பதிவுசெய்தார். கிறிஸ் சாண்ட்புரூக்கோடு சேர்ந்து அவர் எழுதிய கட்டுரை 2024இல் 'என்விரான்மென்ட் அண்டு பிளானிங் எஃப்' இதழில் வெளிவந்தது. அதில் பதிவான நிகழ்வுகளுள் ஒன்று: காட்டில் இயற்கை உபாதை கழிக்கச் சென்ற ஒரு பெண்ணின் படம் புலிக் கேமராவில் விழுந்தது, அது உள்ளூர் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றியது. சினங்கொண்ட ஊரார் கண்ணில் பட்ட கேமராக்களை உடைத்துத் தீயிட்டனர்.

வனத்துறைப் பதிவேட்டில் அது அரசு உடைமைக்குச் சேதம். ஊராரின் கண்ணில் அது தம் பெண்ணின் மானத்தைக் காத்த செயல். இரண்டில் எதைக் குற்றம் என்று எழுதுவது என்னும் கேள்விக்கு, கேமராவை வைத்தவர்களின் அறிவியல் விடை சொல்வதில்லை.

அந்த ஆய்வின் ஆழமான கண்டுபிடிப்பு இன்னொன்று. அவ்வூர்ப் பெண்களுக்குக் காடு வெறும் விறகுக் கிடங்கன்று. ஆண்களின் பார்வையும் மாமியார் வீட்டின் கட்டுப்பாடும் எட்டாத ஓரிடம் அது. அங்கே அவர்கள் உரக்கப் பேசுவார்கள், பாடுவார்கள், வீட்டில் சொல்ல இயலாததைத் தோழியிடம் சொல்வார்கள். அந்தப் பாட்டுக்கு இன்னொரு பயனும் உண்டு: மனிதக் குரல் கேட்டால் யானையும் புலியும் விலகிப்போகும். கேமரா வந்தபின், யாரோ பார்க்கிறார்கள், யாரோ கேட்கிறார்கள் என்ற அச்சத்தில் குரல் தாழ்ந்தது. கேமரா இல்லாத அறியாத பகுதிகளுக்கு அவர்கள் விலகிச் செல்கின்றனர். புலியைக் காக்க வைத்த கருவி, புலியிடமிருந்து தம்மைக் காத்துக்கொள்ளப் பெண்கள் வைத்திருந்த ஒரே கருவியைப் பறித்துக்கொண்டது. மனித–விலங்கு மோதலைக் குறைப்பது எப்படி என்று கருத்தரங்குகள் நடத்தும் துறை, மோதலைத் தடுத்துவந்த ஒரு பாட்டை நிறுத்திவிட்டதை அறியவில்லை.

இங்கே ஒரு வரலாற்று முரணையும் குறிப்பிட்டாக வேண்டும். ஷிகார் காலத்தில் வெள்ளை அதிகாரிகளும் சமஸ்தான மன்னர்களும் புலி இருக்குமிடம் அறியக் காட்டுக்குடிகளையே வேவுக்கு அனுப்பினர். அவர்கள் கொண்டுவந்த செய்தியை 'கபர்' என்றனர். தடம் பார்த்து, கீறல் பார்த்து, மானின் எச்சரிக்கைக் குரல் கேட்டு அவர்கள் சொன்னதை நம்பித்தான் துரைமார் பரண் ஏறினார்கள். அந்த அறிவுக்குக் கூலி கிடைத்தது; பெயர் கிடைக்கவில்லை. இன்று அவ்வேலையைப் பெட்டி செய்கிறது. அன்று வேவு பார்த்தவரின் பேத்தி இன்று வேவு பார்க்கப்படுகிறாள்.

பெட்டியை மரத்தில் கட்டுபவரும், அட்டையைக் கழற்றி வருபவரும் பெரும்பாலும் அதே வட்டாரத்துத் தினக்கூலிப் பணியாளர்கள். கல்விப்புலம் எண்ணிப் பார்க்கத் தவறிய இடம் இதுதான். தலைநகரில் கணினி முன் அமர்ந்திருக்கும் ஆய்வாளருக்கு அப்படத்திலிருப்பவள் யாரோ ஒருத்தி. அடுத்த படத்துக்கு நகர்ந்துவிடுவார். ஆனால் அப்படத்தை முதலில் பார்க்கும் வாய்ப்புள்ளவர் அவளைப் பெயர் சொல்லி அறிந்தவர். அவள் கணவனோடு தேநீர் அருந்துபவர். அவள் தனியாகச் சென்றாளா, யாரோடு சென்றாள் என்பதைப் பற்றிக் கருத்துடையவர். தரவு முதலில் சென்று சேர்வது அவள் அண்டைவீட்டாரிடம்.

எதிர்வாதங்கள் மூன்று. முதலாவது, கேமரா கள்ளவேட்டையைத் தடுக்கிறது என்பது. தடுக்கக்கூடும், ஆனால் கணக்கெடுப்புக்கென்று அனுமதி பெற்ற கருவியைக் குற்றப் புலனாய்வுக்குத் திருப்பும்போது அதன் நோக்கமே மாறிவிடுகிறது. கான்ஹா–பெஞ்ச் வழித்தடத்தில் செயற்கை நுண்ணறிவுக் கேமராக்கள் நிறுவப்பட்டுள்ளன. அவை புலியையும் மனிதரையும் பிரித்தறிந்து, படத்தைச் சில நொடிகளில் அதிகாரிகளுக்கு அனுப்புகின்றன. மானைக் குறிவைத்தால் நேர்மையற்றது என்று அமெரிக்க வேட்டைக் கழகமே ஒதுக்கிய உடனடிச் செய்தி முறை, இங்கே மனிதரைக் குறிவைக்கும்போது புதுமை என்று பாராட்டப்படுகிறது. கள்ளவேட்டைக்காரருக்கும் நெல்லி பொறுக்குபவருக்கும் உள்ள வேறுபாட்டை அந்த நுண்ணறிவு அறிவதில்லை. இருவருமே அதற்கு 'மனிதர்'. காட்டில் மனிதர் என்றால் சந்தேகத்துக்குரியவர் என்ற காலனிய வனச்சட்டத்தின் முன்முடிவு, இப்போது மென்பொருளாக எழுதப்படுகிறது.

இரண்டாவது, காடு பொது இடம், அங்கே அந்தரங்கம் எதிர்பார்க்கலாகாது என்பது. புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்று அறிவித்தபோதே இவ்வாதம் வலுவிழந்துவிட்டது. அந்தரங்கம் இடத்தைச் சார்ந்ததன்று, ஆளைச் சார்ந்தது. பொது இடத்தில் கால்வைத்ததால் அது கைவிட்டுப் போவதில்லை என்பதே அத்தீர்ப்பின் போக்கு. பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆம் பிரிவு, தன்னை யாரும் பாரார் என்று ஒரு பெண் இயல்பாக எதிர்பார்க்கும் சூழலில் அவள் அந்தரங்கச் செயலைப் படமெடுப்பதையும் பரப்புவதையும் குற்றம் என்கிறது. கழிப்பறையின்றிப் புதர் மறைவுக்குச் செல்பவள், தன்னை யாரும் பாரார் என்று எதிர்பார்த்தே அங்குச் செல்கிறாள். கேமரா வைத்தவருக்குக் குற்றநோக்கம் இல்லாதிருக்கலாம்; அப்படத்தை வைத்திருப்பவருக்கும் பகிர்பவருக்கும் அந்தச் சாக்கு இல்லை.

மூன்றாவது, அவள் அங்கே போகவே கூடாது என்பது. மற்ற இரண்டுக்கும் அடியில் மறைந்திருக்கும் உண்மையான வாதம் இதுதான். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், காட்டைச் சார்ந்து வாழ்வோர் சிறுவனப் பொருள்களைச் சேகரிக்கும் உரிமையை ஏற்கிறது. அச்சட்டம் சொல்லும் வனநிலத்தில் சரணாலயமும் தேசியப் பூங்காவும் அடங்கும். உரிமை கோரிய மனு ஏற்கப்பட்டதா, நிலுவையில் கிடக்கிறதா என்பதைக் கேமரா பதிவுசெய்வதில்லை. சட்டம் முதலில் கிராம சபையிடம் கேட்கச் சொன்ன கேள்வியை, கிராம சபையைத் தாண்டி, மரத்தில் கட்டிய பெட்டியிடம் கேட்டு விடை பெறுவது முறையாகாது.

இனி, பழி முழுவதையும் வனத்துறையின் மேல் ஏற்றிவிட்டுப் பல்கலைக்கழகங்கள் கைகழுவிவிட இயலாது. கேமராவை வைப்பவர்களில் பாதுகாப்பு உயிரியல் படிக்கும் மாணவர்களும் உண்டு. சரணாலயத்துக்குள் ஆய்வுசெய்ய வனவிலங்குச் சட்டத்தின் 28ஆம் பிரிவின்கீழ்த் தலைமை வனவிலங்குக் காப்பாளரிடம் அனுமதி பெறுகிறார்கள். அந்த அனுமதி விலங்கைப் பற்றியது, நுழைவைப் பற்றியது; படத்தில் விழப்போகும் மனிதரின் ஒப்புதலைப் பற்றியதன்று. ஒரு சமூகவியல் மாணவர் அதே ஊரில் பத்துப் பெண்களிடம் வினாநிரல் கொடுத்துப் பதில் வாங்க வேண்டுமானால், நெறிக்குழுவின் முன் நிற்க வேண்டும். ஒப்புதல் படிவம் வேண்டும். பெயர் மறைக்க வேண்டும். பக்கத்துத் துறை மாணவர் அதே பெண்களை, அவர்கள் அறியாமல், மாதக்கணக்கில் இரவும் பகலும் படமெடுக்கலாம். ஆய்வுப்பொருள் புலி என்பதால் மனித ஆய்வு நெறிகள் அவரைத் தீண்டுவதில்லை.

இவ்வகைப் படங்களுக்கு ஆய்வுலகம் வைத்திருக்கும் பெயரே ஒரு சான்று. வேண்டிய மீனோடு வலையில் வந்து விழும் வேண்டாத மீனுக்கு மீன்வளத் துறையில் வழங்கும் சொல்லை எடுத்து மனிதருக்குச் சூட்டியிருக்கிறார்கள். 2018இல் 'கன்சர்வேஷன் அண்டு சொசைட்டி' இதழில் சாண்ட்புரூக்கும் அவர் உடன் ஆய்வாளர்களும் அச்சொல்லைத் தலைப்பிலேயே வைத்து எழுதியது, அதன் பின்னுள்ள பொறுப்பின்மையைச் சுட்டிக்காட்டத்தான். தவறி விழுந்தது என்று சொல்லிவிட்டால் பொறுப்பு நீங்கிவிடும் என்ற எண்ணம் கடலிலும் செல்லவில்லை. மீனவர் வலைக்கே கண்ணி அளவு விதி உண்டு.

2023ஆம் ஆண்டின் தனிநபர் மின்னணுத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவு ஆய்வுக்கும் புள்ளிவிவரத்துக்கும் விலக்களிக்கிறது என்று சிலர் ஆறுதல் கொள்ளலாம். அவ்விலக்குக்கு ஒரு நிபந்தனை உண்டு: அத்தரவைக் கொண்டு குறிப்பிட்ட ஒருவரைப் பற்றி எந்த முடிவும் எடுக்கலாகாது. ஆய்வுக் கேமராவில் விழுந்த முகத்தை அடையாளம் கண்டு, அழைத்து விசாரித்து, அபராதம் விதிக்கும் அந்த நிமிடமே ஆய்வு என்ற கவசம் கழன்றுவிடுகிறது. தன் தரவைக் கேட்ட அதிகாரியிடம் மறுப்பின்றிக் கொடுக்கும் ஆய்வாளர் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

செய்ய வேண்டியவை கடினமானவையல்ல. கேமரா வைப்பதற்கு முன் கிராம சபைக்கு நாளும் பகுதியும் தெரிவிக்கப்பட வேண்டும். நீர் எடுக்கும் வழி, விறகுப் பாதை, ஊரார் ஒதுங்கும் இடங்கள் ஆகியவை எவை என்று அவ்வூர்ப் பெண்களிடமே கேட்டு, அவற்றை விலக்க வேண்டும். நினைவக அட்டையை யார் கழற்றினார், யார் பார்த்தார் என்ற பதிவு இருக்க வேண்டும். மனிதர் இருக்கும் படங்கள் எவர் கண்ணிலும் படுமுன் நீக்கப்பட வேண்டும். இது கற்பனையான கோரிக்கை அன்று: விலங்கு, மனிதர், வாகனம் என்று படங்களைப் பிரிக்கும் மெகாடிடெக்டர் மென்பொருள் எவரும் பயன்படுத்தத் திறந்தே கிடக்கிறது; தேசிய மதிப்பீட்டிலேயே படங்களை இனவாரியாகப் பிரிக்கும் பணியைக் கணினி செய்கிறது. ஒரு புலியின் விலாவரியை இன்னொரு புலியின் விலாவரியிலிருந்து பிரித்தறியும் தொழில்நுட்பத்துக்கு, ஒரு பெண்ணின் முகத்தை மறைப்பது பெரிய காரியமன்று. பல்கலைக்கழக நெறிக்குழுக்கள் கேமரா ஆய்வுகளை மனிதர் சம்பந்தப்பட்ட ஆய்வாகவே கருத வேண்டும். ஆய்விதழ்கள், எத்தனை புலிப் படம் என்று கேட்பதுபோலவே, எத்தனை மனிதப் படம், அவற்றை என்ன செய்தீர் என்றும் கேட்க வேண்டும்.

2006இல் 1,411 என்று மதிப்பிடப்பட்ட இந்தியப் புலிகள் 2022இல் 3,682 ஆகியுள்ளன. இந்த உயர்வுக்கு விலை கொடுத்தவர்களில் காட்டோர மக்கள் முன்வரிசையில் நிற்கிறார்கள்; மாடு இழந்தார்கள், பயிர் இழந்தார்கள், சில இடங்களில் ஊரையே இழந்தார்கள், சிலர் உயிரும் இழந்தார்கள். அவர்களிடம் எஞ்சியிருந்த தனிமையையும் கேட்காமல் எடுத்துக்கொள்ள எந்த அறிவியலுக்கும் உரிமை இல்லை. அரிசோனாவின் நீர்த்துறையில் ஒரு மானுக்கு மறுக்கப்படாத நியாயத்தைக் கார்பெட்டின் புதர்மறைவில் ஒரு பெண்ணுக்கு எழுத்தில் உறுதிசெய்த பிறகே, அடுத்த கணக்கெடுப்பின் முதல் கேமரா மரத்தில் ஏற வேண்டும்.